நீலத்தில் மறைந்த கோடுகள்

எங்கள் அலுவலகத்தில் மொத்தம் மூன்று பேர். முதலாளி, நான், பாய். திண்டுக்கல் பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு மருந்துக் கடையின் மாடியில் இரண்டு அறை. சுற்றியுள்ள நூற்பாலைகளில் ஓடுகிற மோட்டார், விசிறி, கம்ப்ரசர் இவற்றின் அதிர்வை அளந்து, எது ஒழுங்காக ஓடுகிறது, எதன் பேரிங் தேய ஆரம்பித்திருக்கிறது என்று மாதம் ஒருமுறை எழுதிக் கொடுப்பது எங்கள் வேலை. பாய் மில்லுக்குப் போய் அளந்துகொண்டு வருவார். நான் அதைக் கணினியில் படமாக்கி, படித்து, அறிக்கை எழுதுவேன். முதலாளி எங்கள் இருவரையும் விட வயதில் இளையவர். புது மில்களைப் பிடிப்பதும் போனில் பேசுவதும் அவர் வேலை.

பதினோரு வருடமாக இதைச் செய்கிறேன். என்ன வேலை என்று யாராவது கேட்டால் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லிவிடுவேன். முதல் சில வருடங்கள் விளக்கிச் சொல்லிப் பார்த்தேன். பிறகு அலுத்துவிட்டது. நாற்பதைத் தாண்டிய பின் மாலை நாலு மணிக்கெல்லாம் கண் எரிய ஆரம்பித்துவிடும். முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தால் இன்னும் இரண்டு படம் ஓடும். அதோடு சரி.

படம் என்று நான் சொல்வதற்கு ஸ்பெக்ட்ரோகிராம் என்று பெயர். இயந்திரத்தின் மேல் காந்தத்தால் ஒட்டிக்கொள்கிற சின்ன சென்சாரை வைத்துப் பத்து நிமிடம் பதிவு செய்வோம். அந்தப் பத்து நிமிடமும் படத்தில் இடமிருந்து வலமாக நீளும். கீழ்ப்பக்கம் மெதுவான அதிர்வுகள். மேலே போகப் போகக் கீச்சென்ற, வேகமான அதிர்வுகள். எந்த இடத்தில் அதிர்வு எவ்வளவு பலம் என்பதை நிறம் சொல்லும். பலம் குறைவென்றால் அடர்நீலம். கூடக் கூட வெளிர்நீலம், பச்சை, மஞ்சள், கடைசியில் சிவப்பு. மென்பொருளில் வந்த நிற வரிசையையே நாங்கள் வைத்திருந்தோம். அதை மாற்றலாம் என்று எனக்குத் தெரியும். ஆனால் மாற்றிப் பார்க்கத் தோன்றியதில்லை.

பாய்க்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். பேகம்பூர்க்காரர். வீட்டில் எல்லோரும் தோல் வியாபாரம். இவர் மட்டும் ஐடிஐ படித்துவிட்டு மோட்டார் வேலைக்கு வந்தவர். நான் விடுப்பில் இருக்கும் நாட்களில் படங்களையும் அவரே படிப்பார். அவர் படிப்பதை இரண்டு மூன்று முறை பார்த்திருக்கிறேன். சுட்டியைப் படத்தின் மேல் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவார். சுட்டி நிற்கிற இடத்தின் அளவு திரையின் கீழ் மூலையில் எண்ணாக வரும். அந்த எண்களை ஒரு பழைய டைரியில் குறித்துக்கொண்டே போவார். எனக்குப் பத்து நிமிடம் ஆகிற படம் அவருக்கு ஒரு மணி நேரம் ஆகும்.

"ஏன் பாய் இம்புட்டுக் கஷ்டப்படுறீங்க? கலரைப் பாத்தாலே தெரியுதே" என்று ஒருமுறை கேட்டேன்.

"எண்ணைப் பாத்துட்டா மனசுக்கு நிம்மதிம்மா" என்றார்.

அது அவருடைய கவனம் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருடம் கோடையில் என் கணவருக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை நடந்தது. இரண்டு வாரம் விடுப்பு எடுத்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொண்டது. திரும்பி வேலைக்கு வந்த மூன்றாம் நாள் காலை, வேடசந்தூர் பக்கத்து மில் ஒன்றிலிருந்து போன் வந்தது. மில்லுக்குள் ஈரக்காற்றைத் தள்ளுகிற பெரிய விசிறி நின்றுவிட்டது. பேரிங் இறுகிப்போய் விசிறியின் அச்சையும் சேர்த்துக் கெடுத்துவிட்டது. பதினைந்து நாளுக்கு முன்புதான் அதே விசிறிக்கு நாங்கள் 'நார்மல்' என்று எழுதிக் கொடுத்திருந்தோம்.

"ரெண்டு பேரும் போய்ப் பாத்துட்டு வாங்க" என்றார் முதலாளி. பஸ் ஏறினோம்.

நூற்பாலைக்குள் காற்று நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்திருந்ததே தவிர, அதுவரை உள்ளே போய் நின்று பார்த்ததில்லை. ஈரப்பதம் இல்லாவிட்டால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். வரிசை வரிசையாக இயந்திரங்கள் ஓட, பெண்கள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடி ஓடி அறுந்த நூலை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஒன்றை ஒட்டிவிட்டுத் திரும்புவதற்குள் பின்னால் நாலு அறுந்திருக்கும். பஞ்சுத் தூசி வியர்வையோடு சேர்ந்து எல்லோர் கழுத்திலும் அப்பியிருந்தது. சிலர் துப்பட்டாவை நனைத்துத் தலையில் போட்டிருந்தார்கள்.

ஒரு பெண் வேலையை நிறுத்தாமலே என்னிடம் கேட்டாள். "அக்கா, காத்து சரி பண்ண வந்தவங்களா நீங்க?"

"இல்லம்மா. அதுக்கு ஆள் வந்திருக்காங்க."

"அப்ப நீங்க எதுக்கு வந்தீங்க?"

அளந்து பார்க்க வந்தோம் என்று சொல்ல வாய் வரவில்லை. "சும்மா பாக்க" என்றேன். அவள் அடுத்த இயந்திரத்துக்கு நகர்ந்துவிட்டாள்.

மெயின்டனன்ஸ் பார்க்கிறவர் ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். எங்களை விசிறி அறைக்குக் கூட்டிப்போனார். கழற்றிய பேரிங்கை ஒரு பழைய பேப்பரின் மேல் வைத்திருந்தார்கள். கிரீஸ் கருகி, வளையம் நீலம் பூத்துப்போயிருந்தது. உருளைகள் ஒரு பக்கம் தேய்ந்திருந்தன. ஒரே நாளில் ஆன தேய்மானம் இல்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

"ஏனுங்க மேடம், போன தடவை நார்மல்னுதானுங்க எழுதியிருந்தீங்க?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்வது சுலபமாக இருந்திருக்கும். அவர் விடிகாலையிலிருந்து நின்றுகொண்டிருந்தவர். சுவரில் சாய்ந்தபடி கேட்டார்.

"நான்தாங்க படம் பாத்தது" என்றார் பாய். "அவங்க லீவு."

"சரிங்க. எதனால தெரியாமப் போச்சுன்னு எழுதிக் குடுத்துருங்க. மேல கேப்பாங்க."

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. வெயில் ஜன்னல் வழியாக மடியில் விழுந்தது. பாய் கருவிப் பையை இரண்டு கால்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டார்.

"ஒண்ணு சொல்லணும்மா" என்றார் பிறகு. "எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியும். மஞ்சளும் அதுலயே போய்ச் சேந்துக்கும்."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"சின்னதுலருந்தே அப்படித்தான். கடையில சாயம் ஏத்துன தோலப் பிரிச்சு அடுக்கச் சொல்லுவாங்க வாப்பா. நான் பச்சையையும் பழுப்பையும் கலந்து அடுக்கி வச்சிருவேன். வெளையாடுறேன்னு நெனச்சு அடி விழும். கொஞ்ச நாள் கழிச்சு அவருக்கே புரிஞ்சு போச்சு. இவன் தோலுக்கு ஆக மாட்டான்னு ஐடிஐல சேத்து விட்டுட்டாரு."

"மோட்டார் வேலையில ஒயர் கலர் பாக்கணுமே?"

"மீட்டர் வச்சுப் பாப்பேன். படத்தை எண்ணு வச்சுப் பாப்பேன். இம்புட்டு நாள் ஓடிருச்சு."

"நீலம் தெரியுமா?"

"நீலம் நல்லாத் தெரியும். அதுல ஒரு கொறையும் இல்ல."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே பாய்."

"சொல்லியிருக்கலாம்" என்றார்.

நான் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் அப்போது எனக்குள் இருந்தது பெரும்பாலும் நிம்மதிதான். தப்பு என்னுடையது இல்லை. நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தேன். அவருக்கு நிறம் தெரியவில்லை, அதனால் கோடு தெரியவில்லை. கணக்கு அப்படியே பொருந்தியது. அலுப்பாக இருக்கும்போது இப்படிப் பொருந்திப் போகிற விஷயத்தை யாரும் மறுபடி பிரித்துப் பார்ப்பதில்லை.

மறுநாள் காலை பாய் தானே முதலாளியிடம் தன் கண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் என் மேஜையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இதை வேலைக்குச் சேரும்போதே சொல்லணும்ல பாய்?" என்றார் முதலாளி. குரலை உயர்த்தவில்லை. "சரி, விடுங்க. இனிமே படம் பாக்குறது எல்லாம் மேடம் மட்டும். நீங்க மில்லுக்குப் போய் எடுத்துட்டு வந்தாப் போதும். லீவு வேணும்னா முன்கூட்டியே சொல்லிருங்க மேடம்."

பாய் தலையாட்டிவிட்டுத் தன் டைரியை மேஜை இழுப்பறைக்குள் வைத்து மூடினார். பையை எடுத்துக்கொண்டு மில்லுக்குக் கிளம்பினார்.

விளக்கக் கடிதம் எழுத வேண்டியது நான். 'ஆரம்ப அறிகுறிகள் படத்தில் இருந்தும் கவனிக்கப்படவில்லை' என்று எழுதிவிட்டு, அந்த அறிகுறிகளை வட்டமிட்டுக் காட்டலாம் என்று படத்தைத் திறந்தேன். கீழே ஒரே ஒரு தடித்த சிவப்புப் பட்டை. அது விசிறியின் சுற்று வேகம். இறக்கைகளில் பஞ்சு ஒட்டிக்கொண்டு எடை ஒரு பக்கமாக இழுத்தால் அந்தப் பட்டை தடிக்கும். சுத்தம் செய்தால் போய்விடும். அதைச் சுற்றிக் கொஞ்சம் மஞ்சள், பச்சை. மேலே முழுக்க அடர்நீலம். பேரிங் தேய்ந்தால் மேல் பகுதியில் சம இடைவெளியில், ஏணிப்படி மாதிரி, மெல்லிய கோடுகள் வர வேண்டும். நான் தேடினேன். எனக்கும் எதுவும் தெரியவில்லை.

நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். திரையின் வெளிச்சத்தைக் கூட்டினேன். நீலம்தான். பஸ்ஸில் பாய் சொன்னது அப்போதுதான் மண்டையில் ஏறியது. நீலத்தில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. சிவப்பும் பச்சையும் இருக்கிற இடத்தில் தவறு நடந்திருந்தால் அவர் கண்ணைச் சொல்லலாம். இந்தப் படத்தில் நடந்த தவறு எல்லாம் நீலத்துக்குள் நடந்திருக்கிறது.

நிற வரிசையை மாற்றிப் பார்த்தேன். வண்ணம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பலம் குறைந்தால் வெள்ளை, கூடினால் கறுப்பு என்று வைத்தேன். அப்போதும் மேல் பகுதி ஒரே மாதிரி வெளுத்துத்தான் கிடந்தது. பிறகு நிறத்துக்கான எல்லைகள் இருக்கிற சின்னப் பெட்டியைத் திறந்தேன். எந்த அளவுக்குக் கீழே எல்லாம் வெள்ளை, எந்த அளவுக்கு மேலே எல்லாம் கறுப்பு என்று இரண்டு எண் கொடுக்கிற இடம். இரண்டும் மங்கிக் கிடந்தன. பக்கத்தில் 'தானாக' என்பதற்கு எதிரே டிக் விழுந்திருந்தது.

தானாக விட்டால் என்ன ஆகும் என்றால், அந்தப் படத்தில் இருப்பதிலேயே பெரிய அதிர்வை மென்பொருள் உச்ச நிறமாக எடுத்துக்கொள்ளும். மிச்சம் எல்லாம் அதற்குக் கீழே இருக்கிற நிறங்களைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். பஞ்சு ஒட்டிய விசிறியின் அந்தப் பெரிய பட்டை எல்லா நிறத்தையும் தானே எடுத்துக்கொண்டுவிட்டது. மேலே இருந்த சின்ன அதிர்வுகளுக்குக் கிடைத்தது ஒரே ஒரு நீலம்.

டிக்கை எடுத்தேன். மேல் எல்லையைக் கீழே இறக்கினேன். சிவப்பாக இருந்த பட்டை மொத்தமாகக் கறுத்து, ஒரு தடித்த மைக்கோடாகிவிட்டது. அது எங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த சத்தம், போகட்டும். இன்னும் இறக்கினேன். மேலே வெள்ளைப் பரப்பில் பென்சிலால் இழுத்த மாதிரி கோடுகள் வந்தன. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆறு வரை எண்ணினேன். நடுவில் இடைவெளி எல்லாம் சமம். பேரிங்தான். முந்திய மாதப் படத்தைத் திறந்து அதே எல்லைகளைக் கொடுத்தேன். அதிலும் மூன்று கோடு இருந்தது. அந்த மாதம் படித்தது நான். 'நார்மல்' என்று எழுதியதும் நான்.

டிக் போட்டது யார் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அதற்கு ஒரு வருடத்துக்கு முன்பு முதலாளி அறிக்கைகளைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "எல்லாப் படமும் நீலமாவே இருக்கே மேடம். பாக்குறவங்களுக்கு நம்ம ஏதோ வேலை செஞ்ச மாதிரியே தெரியல. கொஞ்சம் கலரா வராதா?" அதுவரை ஒவ்வொரு இயந்திரத்துக்கும் நான் எல்லை வைத்திருந்தேன். நன்றாக ஓடுகிற இயந்திரத்தின் படம் நீலமாகத்தான் இருக்க வேண்டும். அதுதான் அதற்கு அர்த்தம். அதை அவரிடம் விளக்கியிருக்கலாம். அன்றைக்கு அறிக்கைகள் நிறையப் பாக்கி இருந்தன. 'தானாக' என்பதற்கு ஒரு டிக் போட்டு, அதையே எல்லாப் படத்துக்கும் பொதுவாகச் சேமித்துவிட்டேன். அன்றிலிருந்து எல்லாப் படத்திலும் நீலத்திலிருந்து சிவப்பு வரை இருந்தது. முதலாளிக்குத் திருப்தி. எனக்கும் எல்லைகளைப் போட்டுப் பார்க்கிற வேலை மிச்சம்.

இதை அன்றே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒன்பது நாள் சொல்லவில்லை. விளக்கக் கடிதத்தை 'ஆய்வில் இருக்கிறது' என்று இழுத்துப் போட்டேன். காரணம் கேட்டால், வேலை போய்விடும் என்ற பயம்கூட அவ்வளவாக இல்லை. வீட்டில் கணவருக்குக் கட்டு மாற்ற வேண்டும், சமைக்க வேண்டும், கல்லூரிக்குப் போகிற மகளைப் பஸ் ஏற்றி விட வேண்டும். இவற்றுக்கு நடுவில் முதலாளியிடம் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்வதை நினைத்தாலே உடம்பு சோர்ந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று ஒன்பது நாள் ஓடியது. அந்த ஒன்பது நாளும் பாய் காலையில் வந்து பையை எடுத்துக்கொண்டு போவார், மத்தியானம் வியர்த்துப்போய் வருவார். பதிவுகளைக் கணினியில் ஏற்றிவிட்டுத் திரையைப் பார்க்காமல் எழுந்துவிடுவார்.

பத்தாம் நாள் சின்னாளப்பட்டி பக்கம் போய்விட்டு ஒரு மணிக்கு வந்தார். முதலாளி வெளியூர். பாய் கை கழுவிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தார்.

"என்ன வெஞ்சனம்மா இன்னைக்கு?" என்றார் என் பாக்ஸைப் பார்த்து.

"கத்திரிக்கா. பாய், அந்த விசிறிப் படம் இருக்குல்ல, அது உங்க கண்ணால இல்ல."

அவர் சோற்றைப் பிசைந்தபடி நிமிர்ந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். டிக் போட்டது, ஏன் போட்டேன் என்பது, முந்திய மாதம் எனக்கே தெரியாமல் போனது.

"எப்பத் தெரிஞ்சுச்சு உங்களுக்கு?" என்றார் கடைசியில்.

"போன வாரம். கடுதாசி எழுதும்போது. ஒம்பது நாளாச்சு."

அவர் மூடியை எடுத்துப் பாதிச் சோற்றோடு பாக்ஸை மூடினார். எழுந்து போய்க் கை கழுவினார். வெகு நேரம் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. திட்டிவிட்டால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். திரும்பி வந்து, மேஜை இழுப்பறையைத் திறந்து அந்த டைரியை எடுத்தார். பக்கத்தைப் புரட்டி என் முன்னால் வைத்தார். விசிறியின் எண்கள். அதில் ஒரு வரியில் இரண்டு எண்கள் மட்டும், முன்பு ஒருமுறை அதே விசிறிக்கு அவர் குறித்திருந்தவற்றைவிடக் கூடியிருந்தன. பக்கத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி.

"எண்ணு ஏறியிருந்துச்சு" என்றார். "செத்த நேரம் யோசிச்சேன். படத்தப் பாத்தா மேல முழுக்க நீலம். எனக்குச் சந்தேகமில்லாமத் தெரியுறது நீலம் ஒண்ணுதான். நீங்களா இருந்தா இத நார்மல்னுதான் போடுவீங்கன்னு நெனச்சு நானும் போட்டுட்டேன்."

என்னால் அந்தக் கேள்விக்குறியைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கணினியைத் திறந்து படத்தை வரவழைத்தேன். வண்ணத்தை எடுத்துவிட்டு எல்லைகளைப் போட்டுவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தேன். அவர் உட்காரவில்லை. நின்றபடியே, மூன்றடி தள்ளியிருந்து பார்த்தார். சுட்டியைத் தொடவில்லை.

"ஆறு" என்றார். "ஆறு கோடு இருக்கு."

"ஆமா."

பிறகுதான் உட்கார்ந்தார். வேறொரு படத்தைத் திறக்கச் சொன்னார். இன்னொன்று. நாலைந்து படம் பார்த்தார். எல்லாவற்றையும் தூரத்திலிருந்தே பார்த்தார், டைரியை எடுக்காமல்.

"உங்களுக்கு எப்பவும் இப்படித்தான் தெரியுமாம்மா? பாத்த ஒடனே?"

"கலர்ல தெரியும். ஏறக்குறைய இப்படித்தான்."

"ம்" என்றார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "நான் ஒரு மணி நேரம் உக்காந்து எண்ணு எழுதுவேன்."

முதலாளி ஊரிலிருந்து வந்ததும் நானே போய்ச் சொன்னேன். பாயும் வந்து கதவருகே நின்றார். முதலாளி முழுவதையும் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நான்தான் கலரா கேட்டேன்னு சொல்ல வர்றீங்க."

"கேட்டது நீங்க. செஞ்சது நான். இப்படிச் செஞ்சா என்ன ஆகும்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

"சரி. எல்லையை மட்டும் பழையபடி வச்சுருங்க. ஆனா ரிப்போர்ட் கலர்லயே போகட்டும். கறுப்பு வெள்ளையில அனுப்பினா ஜெராக்ஸ் மாதிரி இருக்கும். நல்லாருக்காது."

பாய் படம் பார்ப்பதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அன்றைக்கு அதற்கு மேல் பேசத் தெம்பில்லை.

உண்மையான விளக்கத்தோடு கடிதத்தை எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் மறுபடி அந்த மில்லுக்குப் போனோம். விசிறி ஓடிக்கொண்டிருந்தது. மெயின்டனன்ஸ்காரர் கடிதத்தைப் படித்தார். அவருக்குக் காட்டுவதற்காகப் புதிய படத்தைக் கறுப்பு வெள்ளையில் எடுத்துப் போயிருந்தேன். அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது தெளிவா இருக்குங்களே" என்றார். "எப்பவும் இந்த மாதிரியே அனுப்ப முடியாதுங்களா?"

"கலர்ல இதைவிட நல்லா இருக்கும்னு நெனச்சோம்."

அவர் எழுந்து அலமாரியிலிருந்து எங்கள் பழைய அறிக்கைகள் இருந்த கோப்பை எடுத்துவந்தார். எல்லாம் அவர்கள் மில் பிரிண்டரில் எடுத்தவை. அந்தப் பிரிண்டரில் கறுப்பு மட்டும்தான் உண்டு. எங்கள் வண்ணப் படங்கள் எல்லாம் சாம்பல் திட்டுகளாகக் கிடந்தன. அதிர்வு மிகக் குறைந்த இடத்து நீலமும் மிகக் கூடிய இடத்துச் சிவப்பும் ஒரே மாதிரி கறுத்துப்போயிருந்தன. நடுவில் இருக்கிற மஞ்சள் மட்டும் வெளுத்துத் தெரிந்தது. எது ஆபத்து, எது அமைதி என்று அந்தக் காகிதத்திலிருந்து யாராலும் சொல்லியிருக்க முடியாது.

"நாங்க படத்தப் பாக்கறதே இல்லீங்க" என்றார் அவர், குற்றம் சொல்கிற மாதிரி இல்லாமல். "கீழ நார்மல்னு எழுதியிருக்குதான்னு பாத்துட்டு ஃபைல் பண்ணிருவோமுங்க."

பாய் அந்தக் காகிதம் ஒன்றை எடுத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்குத் திரையில ஏறக்குறைய இப்படித்தாம்மா இருக்கும்" என்றார் என்னிடம் மெதுவாக. "என்ன, நீலம் மட்டும் தனியாத் தெரியும்."

மில்லிலிருந்து கேட்கிறார்கள் என்று சொன்னதும் முதலாளி உடனே ஒப்புக்கொண்டார். நாங்கள் சொன்னபோது ஏன் ஒப்புக்கொள்ளவில்லை என்று கேட்க எனக்குத் தோன்றியது, விட்டுவிட்டேன். எல்லா மில்லுக்கும் இனி வெள்ளையிலிருந்து கறுப்புதான் என்று முடிவானது.

அதன் பிறகுதான் பெரிய வேலை. ஒரு வருடமாக 'தானாக' என்று விட்டிருந்த எல்லாப் படங்களையும் திரும்பத் திறந்து, ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனி எல்லை வைத்துப் பார்க்க வேண்டும். கம்ப்ரசருக்கு வைக்கிற எல்லை விசிறிக்குப் பொருந்தாது. மேல் எல்லையை ரொம்ப இறக்கினால் நல்ல இயந்திரம்கூடக் கறுப்பாகத் தெரியும். ஏற்றினால் கோடு மறைந்துபோகும். சரியான இடம் என்று புத்தகத்தில் இல்லை. பார்த்துப் பார்த்து வைக்க வேண்டியதுதான். என்னால் தனியாக முடியவில்லை. நாலாவது நாள் கண்ணில் நீர் வடிய ஆரம்பித்தது. பாய் தன் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். யாரும் சொல்லவில்லை. முதலாளி கடந்து போகும்போது பார்த்தார். அவரும் ஒன்றும் சொல்லவில்லை. பாய் மறுபடி படம் பார்க்க ஆரம்பித்தது அப்படித்தான்.

மொத்தம் ஆறு வாரம் ஆனது. இன்னும் இரண்டு மில்லில் மெல்லிய கோடுகள் கிடைத்தன. ஒருவர் உடனே பேரிங்கை மாற்றினார். இன்னொருவர் போனிலேயே சிரித்தார். ஓடுகிற வரைக்கும் ஓடட்டும் என்றார். இரண்டு முறை எழுத்தில் அனுப்பினோம். அதற்கு மேல் எங்களால் செய்யக்கூடியது இல்லை.

பாயிடம் நான் மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லிக் கேட்கவில்லை. அவரும் அந்த ஒன்பது நாளைப் பற்றி மறுபடி பேசவில்லை. ஆனால் கொஞ்ச நாள் மத்தியானச் சாப்பாட்டைத் தன் மேஜையிலேயே சாப்பிட்டார். ஒரு மாதம் போல ஆனது, பாக்ஸை எடுத்துக்கொண்டு என் பக்கம் வர.

போன மாதம் ஒரு கம்ப்ரசர் படத்தில் கோடு இருக்கிறது என்றார். எனக்குத் தெரியவில்லை. மேல் எல்லையை இறக்கச் சொன்னார். இறக்கினேன். "இந்தா இருக்கு" என்று விரலை வைத்தார். அது கோடா, வெறும் புள்ளிகளா என்று எனக்குச் சந்தேகம். இரண்டு பேரும் அரை மணி நேரம் பேசிப் பார்த்தோம். கடைசியில் மறுபடி அளந்துவிடலாம் என்று இருவருமே கிளம்பினோம்.

கோடு இருந்தது. பேரிங் இல்லை. மேல்மூடியின் போல்ட் ஒன்று தளர்ந்து அது அதிர்ந்துகொண்டிருந்தது. பாய் ஸ்பானரை வாங்கி இறுக்கினார். மறுபடி பத்து நிமிடம் பதிவு செய்தோம். கோடு போய்விட்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம். வேடசந்தூரிலிருந்து நின்றுகொண்டே வந்தோம். திண்டுக்கல்லில் இறங்கியபோது இருவருக்கும் கால் வீங்கியிருந்தது. அந்தப் போல்ட்டை அறிக்கையில் எழுத வேண்டுமா என்று கேட்டேன்.

"எழுதிருங்கம்மா. அடுத்த மாசம் வேற யாராச்சும் பாத்தா கொழம்பக் கூடாது" என்றார்.

அடுத்த நாளைக்கு மூன்று மில் இருந்தது. ஏழு மணி பஸ்ஸுக்கு வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டு, பையைத் தோள் மாற்றிக்கொண்டு, பேகம்பூர் போகிற பக்கம் நடந்தார்.